அண்ணனுக்கும் என் அளவுதான்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, தையல் மெஷின் மூவரும் நலம். தாங்களும் அண்ணியும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் தாங்கள் நலமாக இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வியாழக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

இரண்டு வருடம் முன்பு உங்களுக்கு வைத்தது போலவே, ஒன்பது மாதம் முன்பு எனக்கும் நெஞ்சு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க உங்களுக்குக் கொடுத்த அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். அப்படியும் போன மாதம் ஒரு கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ கவ்விப் பிடித்த மாதிரி ஆகி, கத்தரியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சின்னக் குழாயை நீட்டி, "ஜீன் டெஸ்டுக்கு எச்சில் வேணும், கோடு வரைக்கும் துப்புங்க" என்றார். பயத்தில் வாய் வறண்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று. "தெருவெல்லாம் துப்புவீங்களே, இப்ப என்ன கௌரவம்?" என்று என் மனைவி பக்கத்திலிருந்தே கேட்டாள்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. "மாத்திரை உள்ள போனா மட்டும் போதாது, ஈரல் அதைப் பிரிச்சு வேலைக்கு அனுப்பணும். அந்த ஜீன் உங்ககிட்ட சரியில்ல. நீங்க முழுங்கினது எல்லாம் பிரிக்காத பார்சலாவே போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. முப்பத்தைந்து வருடமாக "ஆளுக்கு ஆள் அளவு வேற, ரெடிமேட் போடாதீங்க" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன், நெஞ்சுக்கு மட்டும் ரெடிமேட் மாத்திரையோடு திரிந்திருக்கிறேன். இப்போது வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார், பரவாயில்லை. கூடவே, "கூடப் பிறந்தவங்களுக்கும் இப்படி இருக்கலாம், அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

டாக்டருக்குச் சந்தேகம் இருக்கலாம், எனக்கு இல்லை. உங்கள் சட்டையை இத்தனை வருடமும் என் உடம்பில் டேப் வைத்துத்தான் வெட்டுகிறேன். தோள் இறங்குகிறது, கை நீளம் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கிறீர்களா? சட்டை பொருந்தினால் ஈரலும் பொருந்தும். அதனால்தான் போனில், "அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடுங்க, டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். நீங்களோ, "நீ காலர் தைக்கிற வேலையை மட்டும் பாரு. டெஸ்டு அது இதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு என் பேத்தியைக் கட்டிக்க வர்றவன் இது பரம்பரைக் கோளாறும்பான்" என்று வைத்துவிட்டீர்கள். அண்ணா, பேத்திக்கு வயது ஐந்து. அவளைக் கட்டிக்க வருகிறவனை நீங்கள் பார்க்க வேண்டாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுப் போன் அடித்தால் எடுக்கக் கை வருவதில்லை. அண்ணி அழுதுகொண்டே பேசுவார்களோ என்று என் மனைவியை எடுக்கச் சொல்கிறேன். துப்புகிற குழாயை இத்துடன் வைத்திருக்கிறேன். கோடு வரைக்கும் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம், பேத்திக்கு என் அன்பு. உங்கள் ஆசியையும், அதைத் தர நீங்கள் வெகுகாலம் இருப்பதையும் வேண்டும்,
தம்பி.

பி.கு.: கவரை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார். என் மனைவி கடையில் இருந்ததால் நானே எடுத்தேன். சட்டை பொருந்தும் கதையைச் சொன்னதும், "தம்பி, உங்க மனசு கஷ்டப்படும்னு அவர் சொல்ல வேணாம்னாரு. நீங்க அனுப்புற ஒவ்வொரு சட்டையையும் பக்கத்துத் தெரு டெய்லர்கிட்ட குடுத்து, தோள்ல ஒன்றரை இன்ச் குறைச்சுத்தான் போடுறார்" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "போன்ல உங்ககிட்ட கத்தினாரே தவிர, அன்னைலேர்ந்து மாத்திரையைத் தொடல. தம்பி சொன்னா சரியா இருக்கும்ங்கிறார்" என்றார் அடுத்து. ஆறு நாள், அண்ணா. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "ஸ்டென்ட் வச்சவரை மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு? இப்பவே அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க" என்று கத்தினார். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், வண்டி வாசலுக்கு வந்துவிட்டதாம்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். இனி என் பேச்சைக் கேட்காதீர்கள். டாக்டர் சொல்கிறபடி மாத்திரை சாப்பிடுங்கள், குழாயில் துப்பி அனுப்புங்கள். கூடவே அண்ணியிடம் உங்கள் தோளை அளந்து எழுதச் சொல்லுங்கள்.