தார்ன்ஷாவுக்கு ஒரு மலை வந்தது

சீட் பெல்ட் எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க தம்பி," என்றார் டெஸ்மண்ட்.

"இழுத்தாச்சுங்க. இதுக்கு மேல இழுத்தா மயக்கம் வந்துடும்," என்றான் பக்கத்து இருக்கையில் இருந்தவன்.

தார்ன்ஷா ரயில் நிலையத்து வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டாக்ஸி ஓட்டுகிறவர் டெஸ்மண்ட். பெல்ட் எட்டாத சவாரியை அவர் கண்டதில்லை. பின்சீட்டில் நுழைய முடியாமல்தான் அவன் முன்னால் வந்திருந்தான். கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. தலை நேராகத் தோளில் இறங்கியிருந்தது.

டெஸ்மண்ட் அவனை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. தார்ன்ஷாவில் ரக்பி லீக் என்பது விளையாட்டு அல்ல, வியாதி. ஆட்டம் நடக்கும் மாதங்களில் வெறும் காய்ச்சல்தான். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில்தான் ஜன்னி கண்டு பிதற்றுவார்கள்: எவன் வருகிறான், எவன் போகிறான், அணியில் எந்த ஓட்டையை யாரை வைத்து அடைப்பது. இந்த வருடம் ஓட்டை முன்வரிசையில். எதிராளியை நெஞ்சால் முட்டித் தள்ளுகிற தடியர்களில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மூன்றாமவன் ஓய்வு பெற்ற விஷயம் அவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

"எந்த ஊர் தம்பி?"

"ஆக்லாந்து. பூர்வீகம் டோங்கா. பேர் ஃபெலெட்டி."

முன்வரிசைத் தடியர்கள் விளைகிற தீவு அது! டெஸ்மண்ட் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "இங்க என்ன வேலையா?"

"ஒப்பந்தத்துல வந்திருக்கேன். இந்தப் பக்கத்துத் தேவாலயங்கள்ல இருக்கிற பழைய பியானோவுக்கெல்லாம் சுருதி சேர்க்கணும்."

"பியானோவுக்கு."

"ஆமாங்க."

"சுருதி."

"ஆமாங்க."

டெஸ்மண்ட் கண்ணடித்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று அவன் கைக்குட்டையை நீட்டினான்.

ஆள் சேர்க்கும் காலத்துக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. 'ஆமாம்' என்றால் பொய். 'தெரியாது' என்றால் பாதி மெய். 'இல்லவே இல்லை' என்றால் கையெழுத்தாகிவிட்டது என்று அர்த்தம். பியானோ என்கிற அளவுக்கு ஒருவன் போகிறான் என்றால், பெரிய இடத்து ரகசியமாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மாலை ஊர் அணியான ரோவர்ஸின் மன்றத்து மதுக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் டெஸ்மண்ட் போனார். ஆனால் அங்கே கிளெக் உட்கார்ந்திருந்தார்.

கிளெக் மைதானத்தில் ஆட்டம் பார்க்கும்போது டெஸ்மண்டுக்கு நேர் பின்னால் நிற்கிறவர். டெஸ்மண்ட் நிற்பது நடுக்கோட்டுக்கு நேரான இரும்புக் கம்பியருகே. கூரை முடிகிற இடத்துக்கு ஒரு அடி உள்ளே. மழை படாது, காற்று படாது, நடுவரின் காதில் வசவு மட்டும் தெளிவாக விழும். கம்பியில் பெயிண்ட் போய்ப் பளபளப்பது டெஸ்மண்டின் முழங்கை உபயம். அந்த இடத்தின் மேல் கிளெக்குக்கு வெகுநாளாக ஒரு கண்.

"நம்ம கதை முடிஞ்சுதுய்யா," என்று கிளெக் பீரை வைத்தார். "ஆஸ்திரேலியாக்காரன் டன்ஸ்டன் இருக்கானே, அவன் ஒருத்தன் வந்தா முன்வரிசை நிமிர்ந்துடும். ஆனா அவனைப் பக்கத்து ஊர் ஸ்கெல்பிக்காரன் அமுக்கிட்டான்."

"கையெழுத்தாச்சா?"

"ஆகலை. ஆனா வெளிநாட்டு ஆளுக்கு ஒவ்வொரு அணிக்கும் இத்தனை இடம்தான்னு கணக்கு இருக்கில்ல? ஸ்கெல்பிக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதுல டன்ஸ்டனுக்குத் துண்டு போட்டு வெச்சிருக்காரு அந்த சோஃபாக்கடை பிரிக்ஸ்."

பிரிக்ஸ் என்பவர் ஸ்கெல்பி அணியின் தலைவர். சோஃபா விற்றுக் கொழுத்தவர். தார்ன்ஷா யாரையாவது ஏக்கத்தோடு பார்த்தால் போதும், மறுநாள் அவனை வாங்கிவிடுவார். அவனைத் தனக்குப் பிடிக்குமா என்பதைப் பிறகுதான் யோசிப்பார்.

"நமக்கு ஒரு ஈ காக்கா கூட வரப்போறதில்லை," என்றார் கிளெக். "டெஸ்மண்டோட டாக்ஸி ரகசியமெல்லாம் என்னாச்சு? வண்டியில பெட்ரோல் தீர்ந்துபோச்சா?"

கூடம் சிரித்தது. டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது.

"வந்தாச்சுய்யா," என்றார்.

"யாரு?"

"முன்வரிசைக்கு. வெளிநாட்டு ஆள். நானே கொண்டுவந்து இறக்கினேன். பெல்ட்டு பத்தலை."

கூடமே அவர் பக்கம் திரும்பியது. பெல்ட்டு பத்தவில்லை என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த ஊரில் கிடையாது.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றார் கிளெக். "மன்றத்து ரசிகர் கூட்டம் வருதில்ல, அதுக்குள்ள வெளிநாட்டு முன்வரிசை ஆள் ஒருத்தன் நம்ம அணிக்கு வரலைன்னா, கம்பியோரம் என்னோடது."

"வந்துட்டா?"

"ஆயுசுக்கும் உன் பின்னாலயே நிக்கறேன். உன் தொப்பி மறைக்குதுன்னு ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கை குலுக்கினார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்ற ஷீனா சாட்சி. "இது இந்த நாலு சுவத்தைத் தாண்டக்கூடாது," என்றார் டெஸ்மண்ட். எல்லோரும் தலைமேல் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் மீன்கடையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கப் போனபோது கடைக்காரம்மாள் அவர் காதருகே குனிந்தாள். "டோங்காக்காரன் ஒருத்தன் வந்திருக்கானாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்றே ரோவர்ஸ் மன்றம் அறிவிப்பு வெளியிட்டது: அப்படி எவரையும் சேர்க்கவில்லை, அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான், ஊர் திருவிழாவானது.

"யாருன்னே தெரியாதாம்! அப்ப நிச்சயம் பெரிய ஒப்பந்தம்!"

சீசன் டிக்கெட்டுக்கு வரிசை நின்றது. கறிக்கடைக்காரர் ஃபெலெட்டியின் வாடகை வீட்டு வாசலில் மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' ஒரு கூடை வைத்துவிட்டுப் போனார். யாரோ கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள். தேவாலயத்தில் ஃபெலெட்டி ஒற்றை ஆளாகப் பியானோவை நகர்த்துவதை ஒருவர் ஜன்னல் வழியாகப் படமெடுத்துவிட்டார். 'ரகசியப் பயிற்சி ஆரம்பம்' என்று அது ஊரெல்லாம் சுற்றியது. எதிரணியை அவன் அப்படியே மூலைக்குத் தள்ளுவதைப் படத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்ததாகப் பலர் சொன்னார்கள்.

டெஸ்மண்ட் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஒரு வாரம்.

"இந்தா டெஸ்," என்றாள் அவர் மனைவி பிரெண்டா, தேவாலயப் பாடல் குழுவிலிருந்து திரும்பியதும். "உன் ஆளு அந்தப் பியானோவை என்னமா சரி பண்ணியிருக்கான் தெரியுமா? இத்தனை வருஷமா நாங்கதான் சுருதி தப்பிப் பாடறோம்னு நெனச்சிட்டு இருந்தோம்."

டெஸ்மண்டின் கையிலிருந்த தேநீர் அப்படியே நின்றது. "நெஜமாவே சுருதி சேர்த்தானா?"

"பின்ன? பியானோ சுருதி சேர்க்கறவன் வேற என்ன சேர்ப்பான், கீரையா?"

அவர் ரக்பி பந்தொன்றை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடினார். ஃபெலெட்டி பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான்.

"தம்பி, பிடி!"

ஃபெலெட்டி நிமிர்ந்தான். பந்து வருவதைப் பார்த்தான். சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பந்து வயிற்றில் மோதி டெஸ்மண்டிடமே திரும்பி வந்தது.

"விரல்ல பட்டுட்டா என் பொழைப்பு போயிடுங்க," என்றான்.

"நீ ரக்பி ஆடினதே இல்லையா?"

"பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு தடவை. கத்தல் தாங்கலை, காதைப் பொத்திக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

டெஸ்மண்ட் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கம்பியோரம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. இனி கிளெக்கின் பின்னால், ஒழுகும் தகரத்துக்கு அடியில், கழுத்துக்குள் தண்ணீர் வழிய நிற்க வேண்டும். ஊரே அவரை நம்பி டிக்கெட் வாங்கியிருக்கிறது. அதை நினைத்தபோது கம்பியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

பொய்யை ஒத்துக்கொள்வதே சரி என்று மதுக்கூடத்துக்குப் போனார்.

"கேளுங்கப்பா. நான் சொன்னது தப்பு. அவன் ஆட்டக்காரனே இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கறவன். பந்தைப் பார்த்தாலே கையை ஒளிச்சுக்கறான்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு முகமாக மலர்ந்தது.

"பாத்தீங்களா? வாயை மூடச் சொல்லி மன்றத்துல இவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்காங்க!"

"இல்லைய்யா! சத்தியமா!"

"சத்தியம் வேற பண்றாரு! அப்ப பெரிய ஆளுதான்."

"கையை ஒளிக்கறானாம். விரல்ல காயம் பட்டா முதல் ஆட்டத்துக்குத் தேற மாட்டானில்ல?"

கிளெக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "டெஸ்மண்ட்," என்றார் மெதுவாக, "பந்தயத்தை வேணா விட்டுடலாமா?"

'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் கிளெக் பயந்து அவர் இதுவரை பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் பழைய மிடுக்கு தானாக வந்துவிட்டது.

"விடறதா? ஆம்பளையா பேசுய்யா," என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரே வழி, ஃபெலெட்டியே உண்மையைச் சொல்வதுதான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்.

"நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தாங்க இருக்கேன்," என்றான் ஃபெலெட்டி பாவமாக. "சொன்னா முதுகுல தட்டிக் குடுக்கறாங்க. அந்தக் கறிப் பையெல்லாம் ருசியாத்தான் இருக்கு. ஆனா இந்த சோஃபாவை எங்க போடறதுன்னுதான் தெரியலை."

கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு புதுத் தோல் சோஃபா கிடந்தது. டெஸ்மண்ட் அதில் தொப்பென்று விழுந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். சோஃபா சுகமாக இருந்தது. அதை அனுபவிக்கிற நிலையில் அவர் இல்லை.

"நாளைக்கு ரசிகர் கூட்டம் தம்பி. நீயும் வந்து என் பக்கத்துல நில்லு. பந்தை எறியறேன், எல்லார் முன்னாலயும் கையை ஒளிச்சுக்கோ. அப்பவாவது நம்பறாங்களா பார்ப்போம்."

"வர்றேங்க. ஸ்கெல்பியில ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்," என்றான் ஃபெலெட்டி.

கூட்டத்தில் நிற்க இடமில்லை. மேடையில் ரோவர்ஸ் தலைவர் ஹெப்வர்த்தும் பயிற்சியாளரும். டெஸ்மண்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெலெட்டியைக் காணோம். சரி, தனியாகவே சாவோம் என்று எழுந்தார்.

"தலைவரே, ஊர் முன்னால நான் ஒண்ணு ஒத்துக்கணும். என் பேச்சைக் கேட்டு..."

"உட்காருய்யா டெஸ்மண்ட்," என்றார் ஹெப்வர்த். அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக இருந்தது. "முதல்ல என் சேதியைச் சொல்லிடறேன். இன்னிக்குக் காலையில டன்ஸ்டன் நமக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

கூரை பறந்துவிடும் போல் கத்தல் எழுந்தது.

"எப்படிங்க? ஸ்கெல்பியில துண்டு போட்டு வெச்சிருந்தாங்களே?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கே புரியலை. கடைசி வெளிநாட்டு இடத்தை வேற யாருக்கோ குடுத்தாச்சு, இனிமே உனக்கு இடமில்லைன்னு நேத்து அவனைக் கைவிட்டுட்டாங்களாம். பையன் நேரா நமக்குத்தான் போன் போட்டான். நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லைங்க," என்று டெஸ்மண்ட் உட்கார்ந்தார்.

கிளெக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையை நீட்டினார். "கம்பி உன்னோடது. ஆனா ஒண்ணு சொல்லுய்யா. டன்ஸ்டனை மறைக்கத்தான் அந்த டோங்காக்காரனைக் காட்டி எங்களை ஏமாத்தினியா?"

டெஸ்மண்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதனால் என்ன? தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியுமாய்யா?" என்றார்.

அப்போதுதான் வாசல் இருண்டது. ஃபெலெட்டி பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தான். அவன் உடம்பில் ஜிப் பாதியோடு நின்றுபோன புத்தம்புதிய ஸ்கெல்பி அணிச் சட்டை. கூடமே அவனைப் பார்த்து வாய் பிளக்க, அவன் டெஸ்மண்டிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கறவன்னு அந்த சோஃபாக்காரர்கிட்டயும்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் சம்பளத்தை ஏத்திக்கிட்டே போறாரு, நான் என்ன பண்றது?"