குரோருட் துரையின் ஒரு வாக்கு

ஒஸ்லோவுக்கு வந்த இத்தனை வருடத்தில் எந்தப் பனியும் குளிரும் என்னை அதிர வைத்ததில்லை. துரை வைத்திருக்கிறார். அவரைப்போல இன்னொரு மனுஷன் உலகத்தில் கிடையாது. இருந்தால் தாங்கவும் முடியாது.

நகரின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தள மூலைவீடு அவருடையது. வேல்ஸ் நாட்டில் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததாம். பாட்டன், தகப்பன் எல்லாரும் பாராளுமன்றக்காரர்கள். இவரும் ஒரு தவணை இருந்து, அடுத்த தேர்தலில் தோற்று, நிலமெல்லாம் துண்டு துண்டாகக் கைவிட்டுப் போக, நோர்வேக்கார மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தவர். மனைவியும் காலமாகிவிட்டார். மிஞ்சியது ஒரு வரவேற்பறை, சமைக்க ஒரு குசினி, பாட்டனாரின் பெரிய ஓவியம். பெயர் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை. துரை என்றோம், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் சந்திப்பிலேயே வாங்கிக் கட்டினேன். "நீங்கள் இங்கிலாந்துக்காரர்தானே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"உம்மை ஒருத்தர் இந்தியனோ எண்டு கேட்டால் நீர் என்ன செய்வீர்?"

"கொதிப்பன். நான் யாழ்ப்பாணத்தான்."

"நானும் கொதிக்கிறன்."

அவர் பேசியது நோர்வீஜிய மொழிதான். என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

வசந்தத்தில் இங்கே எல்லாரும் கூடிக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு, நம்முடைய சிரமதானம் மாதிரி. துரை அதற்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். குனிந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கிடையே நடந்து, "நல்ல வேலை, நல்ல வேலை" என்று பாராட்டினார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். துரை தலை குனிந்து நன்றி சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் அதைப் பரிசெண்டு நினைச்சிட்டுது!" என்று வாயைப் பிளந்தாள் அவள்.

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன். நான் மிருதங்கம் வாசிப்பவன். வீட்டில் வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையில் தட்டுவார். ஆகையால் சனிக்கிழமைகளில் நிலவறையிலுள்ள பொது அறைதான் எனக்குக் கதி. கிழமை முழுக்க வேலைசெய்கிற எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். கட்டடச் சங்கத்தின் தலைவரோ அந்த அறையைச் சைக்கிள் நிறுத்துகிற இடமாக்கப்போவதாக அறிவித்தார். நான் புலம்புவதைக் கேட்ட துரை நிமிர்ந்தார்.

"நான் சங்கத் தேர்தலிலை நிக்கிறன். உமக்கு அறை தாறன்."

பிரசாரம் என்றால் அதல்லோ பிரசாரம்! வீடு வீடாக ஏறினார். வாக்குக் கேட்கப் போன வீட்டில் சாப்பாட்டை மறுக்கக்கூடாது என்பது அவருடைய பாட்டனார் கட்டளையாம். சோமாலிய வீட்டில் சோறு, நோர்வே வீட்டில் வாஃபிள், எங்கள் வீட்டில் மீனும் மிளகாயும் போட்ட ஒடியற்கூழ். கூழின் உறைப்பில் முகம் சிவந்து, கண்ணீர் வடிய, "இன்னும் கொஞ்சம்" என்றாரே பாருங்கள், என் மனைவி அந்த இடத்திலேயே கட்சி மாறிவிட்டாள்.

கூட்டம் நடந்தது. எண்ணினார்கள். பழைய தலைவருக்கு இருபத்திரண்டு, துரைக்கு இருபத்தொன்று. வாசலில் நின்று கத்தினேன்.

"எங்கடை ஆக்களிலை ஆரோ ஒருத்தர் மாத்திப் போட்டிட்டார் துரை!"

"நான்தான்" என்றார் அவர், மேலங்கிக்குப் பொத்தான் போட்டபடி.

"என்ன?"

"தனக்குத் தானே வோட்டுப் போடுறது மரியாதை கெட்ட வேலை. எங்கடை குடும்பத்திலை எப்பவும் எதிராளிக்குத்தான் போடுறது."

"ஐயோ கடவுளே! பாராளுமன்றத் தேர்தலிலையும் இப்பிடித்தான் செய்தனீங்களோ?"

"ஓம். அங்கை ஆயிரக்கணக்கிலை தோத்ததாலை தெரியேல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறைக்குள் சைக்கிள்கள் வந்தன. மிருதங்கம் உறையோடு அலுமாரிக்கு மேலே போனது. துரையை எதிரில் கண்டால் நான் அடுத்த பக்கம் போனேன். மூன்றாவது சனிக்கிழமை கதவைத் தட்டினார்.

"உம்மடை மேளத்தைத் தூக்கிக்கொண்டு வாரும்."

வேண்டாவெறுப்பாகப் போனேன். அவருடைய வரவேற்பறையில் ஒன்றுமே இல்லை. சோபா இல்லை, கட்டில் இல்லை, பாட்டனார் இல்லை. நடுவே ஒரு பாய் மட்டும். திகைத்துப்போய்க் குசினியை எட்டிப் பார்த்தேன். குளிர்பெட்டிக்கும் அடுப்புக்கும் இடையில் கட்டில். கட்டிலுக்கு மேலே பாட்டனார்.

"இஞ்சை வாசியும். கீழை சைக்கிள்தானே இருக்கு, அது முறைப்பாடு செய்யாது."

"துரை, நீங்கள் தோத்துப்போனீங்கள். தோத்தவை ஒண்டும் தரத் தேவையில்லை."

"ஆர் சொன்னது? அறை தாறன் எண்டு சொன்னனான்."

பள்ளத்தாக்கையே வைத்திருந்த குடும்பத்துக்கு மிஞ்சிய இரண்டு அறைகளில் பெரியதை எனக்குத் தந்துவிட்டு, மனுஷன் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று ஒரு அடிகூட ஒழுங்காக விழவில்லை.

இந்த வருடமும் துரை தேர்தலில் நிற்கிறார். பழைய தலைவர் ஒதுங்கிவிட்டதால் எதிராளி இல்லை என்றார்கள். உடனே எதிராளியாக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வெல்வதற்கல்ல, நானும் அவருக்குத்தான் போடுவேன். துரையின் அந்த ஒரு வாக்கு போட ஆளில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.