கணவாய்க்குக் கீழே நின்ற வண்டி

ஆரின் தன் வண்டியை ஓரம் கட்டியதுதான் தப்பாகப் போயிற்று.

நெவாடாவின் இந்த மாநில நெடுஞ்சாலையில் ஒரு மலை வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே வெயிலும் புதரும்தான். கணவாய்க்கு மேலே லவோனின் காப்பிக் கடை. கடையை விற்றுவிட்டு ரீனோவில் இருக்கும் அக்காவிடமே போய்விடுவதா என்று சாயங்காலம் அவள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்துவிட வேண்டும் ஆரினுக்கு. ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாமே என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு புதரைப் பார்த்து நின்றான்.

"லவோன், நான் வந்து..."

பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. மாட்டுப் பண்ணை டுவைட். இந்த ரோட்டில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகிறவனுக்கு அப்புறம் எதிரே வருகிற எவரும் வணக்கம் சொல்ல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா, நீ கெளம்பு."

"ஒண்ணுமில்லாமலா இங்க நிக்கிறே? பானெட்டைத் தூக்கு."

அனுப்பி வைத்தால் போதும் என்று, "இன்ஜின் சூடாயிருச்சு, ஆறினதும் போயிருவேன்" என்றான் ஆரின்.

"அப்ப ஆறுற வரைக்கும் துணைக்கு இருக்கேன்." டுவைட் மடக்கு நாற்காலியை எடுத்து விரித்தான்.

தூக்கின பானெட்டைப் பார்த்துத் தபால் வண்டி வில்மா நிறுத்தினாள். "பேட்டரியாப்பா?"

"ஆமாக்கா, பேட்டரிதான்."

"எங்கிட்ட சூடுன்னியேடா!"

"ரெண்டும்தான்."

"ரெண்டுமா? அப்ப வண்டி செத்துருச்சுப்பா" என்று வில்மா பேட்டரி ஒயரைத் தேடப் போனாள்.

அதற்குள் ஆட்டுக்காரக் கிழவர் பென்யாட் தன் வண்டியில் வந்து, எதுவும் கேட்காமல் கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினார். "இழுத்துக்கிட்டே போயிரலாம் தம்பி. எங்க, ஊருக்குத்தானே?"

ஊர் கணவாய்க்கு எதிர்த்திசையில் இருந்தது. ஆரின் பாய்ந்துபோய்ச் சாவியைத் திருப்பினான். வண்டி அழகாக உறுமியது.

"பாத்தீங்களா, சரியாயிருச்சு!"

மூவரும் காதைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கல" என்றான் டுவைட். வண்டியை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். பழைய பெல்ட். கையிலேயே இரண்டாக வந்துவிட்டது.

"சொன்னேன்ல? கோளாறு இங்கதான்!"

மேற்கு மலை நிழல் ரோட்டைத் தொட்டுவிட்டது. ஆரின் தொப்பியைத் தரையில் அடித்தான்.

"வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லய்யா! லவோன்கிட்ட 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேக்கணும். அதைச் சொல்லிப் பாக்கத்தான் நின்னேன். போதுமா?"

வில்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டுவைட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

பென்யாட் மட்டும் கயிற்றை மெல்ல அவிழ்த்தார்.

"அட, போன வாரம் அவளும் இப்படித்தான் வழியில வண்டிய நிறுத்திட்டு, 'ஆரின், என்னைக் கட்டிக்கிறியா'ன்னு தனியா பேசிக்கிட்டு நின்னா தம்பி, வெயில்ல புத்தி பெசகிப்போச்சுன்னு நான்தான் அவளைக் கடையில கொண்டுபோய் விட்டுட்டு, அவ வண்டி ரேடியேட்டரையும் கழட்டி வச்சிருக்கேன், எங்கயும் போயிரக் கூடாதுன்னு."