மணல்மூட்டை அண்ணனும் பிள்ளைப்பாக்கத்து மணலும்

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும், சிறுநீரகத்தில் கல் இருந்த எவரும் மணல்மூட்டை அண்ணன் சொல்லாமல் ஒருக்களித்துப் படுத்ததில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவர்கள்கூட அவரைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள் என்று சொன்னால் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை ஊழியர் அவர். சொந்தப் பெயர் சம்பளம் கொடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. கல்லை எடுப்பது டாக்டரம்மா வேலை, ஆளைப் படுக்க வைப்பது அண்ணன் வேலை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. இப்போது முதுகில் சின்னத் துளை போட்டு, கல்லைத் தூளாக்கி, மூன்றாம் நாள் ஷிஃப்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது பெரிய கல் என்றால் விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறித்தான் எடுக்க வேண்டும். சிறுநீரகமோ கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி முதுகுப் பக்கம் விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேசையின் நடுப்பகுதியைக் கைப்பிடி சுற்றி உயர்த்துவார்கள். இடுப்பு வில்லாக வளையும், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வழி திறக்கும். ஆள் உருண்டுவிடாமல் முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று மணல்மூட்டை அண்டக் கொடுத்து, இடுப்பின் குறுக்கே அகலமான பிளாஸ்திரி ஒட்டுவார்கள்.

இதுவரைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ளதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும், அந்த மூட்டைக்குள் இருக்கும் மணல் நோயாளியின் சொந்த ஊர் மணலாக இருக்க வேண்டும்.

"மயக்கத்துல மனுசனுக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஆனா முதுகுக்குத் தெரியும்" என்பார் அண்ணன். "தன் ஊரு மண்ணுல சாஞ்சவன் அசைய மாட்டான்."

டாக்டரம்மா எதிர்க்கவில்லை. "மணல் எந்த ஊரா இருந்தா என்ன, எடை சரியா இருந்தா போதும். வறுத்து, ரப்பர் துணில சுத்தி வை" என்றுவிட்டார். அதைத்தான் அண்ணன் அப்படியே பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ரோசி அக்காவின் பெரிய இரும்பு வாணலியில் ஊர் ஊராக மணல் வறுப்பார். அதே வாணலியில் பிறகு ரவை வறுபடும். அந்த வார்டில் படுத்தவர்கள் எல்லோரும் பல்லில் பட்டதை வைத்து, இன்றைக்கு எந்த ஊர்க்காரனுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிடுவோம்.

வறுத்த மணலைக் காக்கித் துணியில் தைத்து, கறுப்பு நூலில் ஊர்ப் பெயர் போட்டு அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார். குன்றத்தூர், வல்லக்கோட்டை, இருங்காட்டுக்கோட்டை என்று அங்கே ஒரு தாலுகாவே உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் ஊருக்கே தெரியும். அண்ணனுடைய வலது சிறுநீரகத்திலும் ஒரு கல் இருந்தது. அதுவும் பெரிய கல். டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டி, வாராவாரம் திட்டிக்கொண்டிருந்தார். ஊரையே படுக்கவைத்த மனிதர், தான் மட்டும் படுக்க மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பிள்ளைப்பாக்கம். சைக்கிள் பஞ்சர் கடை. பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவன். படிப்பு நின்ற இடத்திலிருந்து கவலை தொடர்ந்து படித்துப் பெரிய பட்டம் வாங்கியிருந்தது. எனக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் கல். ஆபரேஷன் என்றதும் ஒரு தடவை வார்டிலிருந்து ஓடி பஸ் ஏறிவிட்டேன். சுங்குவார்சத்திரத்தில் வலி வந்து, அதே பஸ்காரரே திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் ஒத்திகை வைப்பார். வராண்டா பெஞ்சில் படுக்கச் சொன்னார்.

"எந்தப் பக்கம் கல்லு?"

"இடது பக்கம் அண்ணே." சொல்லிக்கொண்டே இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தேன்.

"நல்லா கீது. டாக்டரம்மா மேசைக்கு அடியில உக்காந்துகினு எடுப்பாங்களா? கல்லு கீற பக்கம் மேல வரணும்யா!"

திரும்பிப் படுத்தேன். கீழ்க்காலை மடக்கச் சொன்னார், மேல்காலை நீட்டச் சொன்னார், நடுவில் தலையணை வைத்தார். மேல் கையை முன்னால் போடச் சொன்னார்.

"அண்ணே, மயக்கத்துல நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்னா?"

"திரும்ப மாட்ட."

"உங்களுக்கு மறந்துபோய் வலது பக்கத்தை..."

"மறக்க மாட்டேன்."

"கைப்பிடிய ஜாஸ்தியா சுத்தி, இடுப்பு ரெண்டா..."

"இன்னும் ஒரு கேள்வி கேட்டே, வாய்ல ஒரு மூட்டை வைப்பேன்" என்றவர், சட்டென்று வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கல்லா அண்ணே?"

"வாயு" என்றார். அந்த ஆஸ்பத்திரியிலேயே வாயுவுக்காகப் பல்லைக் கடித்தவர் அவர் ஒருவர்தான்.

பிள்ளைப்பாக்கத்துக்கு அலமாரியில் மூட்டை இல்லை. என் மச்சானை அனுப்பினோம். அவன் நல்லவன். நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று, ஏரிக்குள் இறங்கி, வழவழவென்று அடிக்களிமண்ணாகப் பார்த்து அள்ளிவந்துவிட்டான். அதை வாணலியில் போட்டு வறுத்தால் என்ன ஆகும்? ஓடாக இறுகி, வாணலியோடு ஒட்டிக்கொண்டது.

ரோசி அக்கா கரண்டியால் தட்டிப் பார்த்தார். "மூட்டை, உங்க பேஷன்டுக்கு ஆபரேஷனா, வூடு கட்டப் போறானா?"

எனக்கு உயிர் போய்விட்டது. சொந்த ஊரே நம்மை ஏற்கவில்லை, நாளைக்கு மேசையில் என்ன ஆகுமோ என்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வாணலியை எட்டிப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போய், என் கடை வாசலில் கால்வாய் ஓரம் கிடந்த பெருமணலைச் சாக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி ஓட்டி வந்தார். "உன் கடை ஆணியெல்லாம் இதுலதான் கீது. சலிச்சா ரெண்டு சைக்கிளு செய்யலாம் போல" என்றார்.

மறுநாள் அதில்தான் சாய்ந்தேன். அசையவில்லையாம். கல் வந்துவிட்டது, சிறுநீரகமும் தப்பித்தது.

பிறகு சோதனைக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். ஒரு நாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "நீயாவது சொல்லு. இன்னும் தள்ளிப்போட்டா கல்லை மட்டும் எடுக்க முடியாது. கிட்னியையே எடுக்க வேண்டியதாயிடும்."

எனக்குக் கவலைப்பட அன்று புதிதாக ஒரு சிறுநீரகம் கிடைத்தது. சமையலறைக்குப் போனேன். அண்ணன் மணல் வறுத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப அண்ணே படுக்கப் போறீங்க?"

"மழை வரட்டும்."

"மழை வந்தா?"

"மணல் காயாது. அப்புறம் எப்படிப் படுக்கறது?"

"உங்க ஊரு எதுன்னு சொல்லுங்க. மச்சானை அனுப்பாம நானே போய் அள்ளிகினு வரேன்."

அண்ணன் கரண்டியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஊரா? எங்கப்பனும் ஆத்தாளும் ரோடு போடற கூலிங்க. இந்த ரோட்டுல தார் காயறப்பவே நான் பொறந்தேன். எந்த மைல்கல்லுன்னு ரெண்டு பேருக்கும் சாவற வரைக்கும் சண்டை. ரோடு நவுந்துச்சு, நாங்களும் கூடவே நவுந்தோம். எந்த ஊரு மண்ணைப் போடுவ எனக்கு?"

ஊர் மணல் இல்லாமல் எவனையும் மேசையில் ஏற்றாத மனிதர். தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு, வலியைத் தின்றுகொண்டிருந்தார்.

"ரோட்டோரத்து மண்ணையே..."

"ஜல்லிய்யா அது! முதுகுல குத்தாது?"

"சலிச்சி எடுத்தா?"

"எடுத்தா மட்டும்? அது இன்னா ரோட்டு மண்ணா? வல்லக்கோட்டைலேர்ந்து ஒரு வண்டி, குன்றத்தூர்லேர்ந்து ஒரு வண்டின்னு கொட்டுனது. ரோட்டுக்குன்னு ஏது மண்ணு?"

எனக்கு யோசனை வருவது அபூர்வம், பயம்தான் வரும். அன்று பயத்திலேயே வாயில் வந்துவிட்டது.

"அப்படீன்னா, அலமாரில கீற மூட்டையெல்லாம் ஒண்ணா அடுக்குனா அது ஒரு ரோடுதானே அண்ணே?"

கரண்டி நின்றது. அண்ணன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாணலியில் மணல் தீய்ந்தது. மணல் தீயுமா என்று கேட்காதீர்கள். ரோசி அக்கா இன்று இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பார்.

அடுத்த வாரமே படுத்தார். மூட்டைகளையெல்லாம் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷன் அறை வாசல் வரைக்கும் நான்தான் தள்ளிப் போனேன். கதவைச் சாத்தினார்கள். ஆனால் அண்ணன் குரலுக்குக் கதவு போதாது.

"இருங்காட்டுக்கோட்டைய முதுகுக்கு வை சிஸ்டர். குன்றத்தூரு அதுக்குக் கீழ. வல்லக்கோட்டைய வயித்தாண்ட வை, அழுத்தாத. மேல்காலை நீட்டிட்டேன், தலவாணி எங்க?"

"மூட்டை, வாயை மூடு. மயக்கம் குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"பிள்ளைப்பாக்கம் எங்க?"

"அதுக்கு இடமில்லை."

"கைக்குக் கீழ வையுங்கம்மா. அவன் வெளிய நின்னுகினு கவலப்பட்டுகினு கீறான்."

அப்புறம் சத்தமில்லை. கைப்பிடி சுற்றுவது மட்டும் கேட்டது.

கல் வந்தது, சிறுநீரகம் தப்பித்தது. கண் விழித்து அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நான் அசைஞ்சேனா?" இரண்டாவதாகத்தான் கல்லைக் கேட்டார். புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பாக, முனை முனையாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜல்லி" என்றார். "பாத்தியா தம்பி, எங்க ஊரு எங்கூடவேதான் இருந்துகீது."

மறு மாதமே பழையபடி வாணலிக்கு வந்துவிட்டார். எல்லா மூட்டையும் அலமாரிக்குத் திரும்பியது, பிள்ளைப்பாக்கத்தைத் தவிர. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக் கல் வந்து கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. புதிதாக மணல் அள்ளிவரச் சொன்னார். "அந்த மூட்டைக்குக் கவலை ஜாஸ்தி, பேஷன்டுக்குத் தொத்திக்கும்" என்றாராம்.

ரோசி அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அண்ணன் அந்த மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாராம்.