முடி இருந்த டிரைவரைக் காணோம்

எனக்குக் கொடுத்த லாரியை நானே திருடப் பார்த்ததாகத் திருப்பதி பழ மண்டியில் ஒருநாள் பிடிபட்டேன். என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஆள்மேல்தான் கொஞ்சம் வருத்தம். ஏனென்றால் அவர் என்னைப் பெற்ற அப்பா.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாட்டையே திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நகரிப் பக்கம் எங்கள் கிராமத்தில் திறந்தது பஸ் கதவு ஒன்றுதான். என் வயதுப் பையன்கள் எல்லாம் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஹெவி லைசென்ஸை வைத்துக்கொண்டு சித்தூர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: எத்தனை வருஷம் சர்வீஸ்? லாரியைக் கொடுத்தால்தானே சர்வீஸ் வரும் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை (எனக்கு வீரமெல்லாம் வீட்டு வாசலோடு சரி).

கடைசியில் ஒரு கம்பெனி அகப்பட்டது. புதுசாக வருகிறவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கும் கம்பெனி. காரணம் பிறகுதான் தெரிந்தது. பழைய ஆட்கள் அந்த லாரிகளைத் தொடமாட்டார்கள். பத்து லாரிகளில் நசுங்காத லாரி ஒன்றுகூடக் கிடையாது. கிளீனர் வைக்கிற வழக்கமும் கிடையாது, டிரைவரே கிளீனர். முதலாளி கண்டிஷன் போட்டார். "மூணு டிரிப்பு போய் வரணும். எதுலயாவது கம்ப்ளைண்ட் வந்துச்சா, அப்படியே இன்டிகி, வீட்டுக்குப் போயிடு. வரலன்னா நீ பர்மனென்ட்டு." அவசரத்துக்கு வீட்டுத் தகவல் சொல்ல ஒரு போன் நம்பரும் கேட்டார். எங்கள் ஊர் உரக்கடை நம்பரைக் கொடுத்தேன்.

ஓட்டிக் காட்டச் சொன்னபோது யார்டில் இரண்டு டீசல் பீப்பாய்களை வைத்து, நடுவில் லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்த்தால் பீப்பாய் இருந்தது, இடம் இல்லை. ஏழுமலையானே, இது முட்டாமல் போனால் என் முடி உனக்கு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். முட்டவில்லை. வேலை கிடைத்துவிட்டது. வேண்டுதலை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முடி சாதாரண முடி இல்லை. காதை மூடி, பிடரியில் புரண்டு, சட்டைக் காலரைத் தொடும் ஸ்டெப் கட்டிங். அதற்குத் தோதாக அடர்ந்த மீசை. லைசென்ஸ் போட்டோவில் முகத்தைவிட முடிதான் அதிக இடம் பிடித்திருக்கும். எங்கள் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதற்காகத் திட்டாத நாள் இல்லை. ஆனால் வேலை கிடைத்த அன்று ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பிறத்தியார் நிலத்தில் இருபது வருஷம் கரும்பு வெட்டியவர் அவர். என்னை பஸ் ஏற்றும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார். "இந்த வேலைய மட்டும் வுட்டுடாத. கரும்பு வெட்ட நா ஒருத்தன் போதும்."

முதல் டிரிப், பங்காருபாளையத்து பங்கனபள்ளி மாம்பழம், திருப்பதி மண்டிக்கு. விடிகிறதற்கு முன்னால் சித்தூரை விட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றுவரை எந்த வண்டியும் திரும்பக் கொடுக்கவில்லை. எட்டு டன் பழம் பின்னால், நான் முன்னால். பால்காரருக்கு ஹாரன் அடித்தேன். மாட்டுக்கு அடித்தேன். பூதலப்பட்டு தாண்டியதும் ரோட்டில் யாருமே இல்லை, அதற்கும் அடித்தேன். மேட்டில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது லாரி முனகியது. நானும் கூடவே முனகினேன். சந்திரகிரி தாண்டி விடிந்தபோது எதிரே ஏழு மலையும் வரிசையாக நின்றன. அதற்கும் ஒரு ஹாரன் அடித்தேன்.

மண்டிக்குப் போனால் எனக்கு முன்னால் ஆறு லாரி. "ரெண்டு மணிக்கு மேலதான் இறக்குவோம்" என்றார் மண்டிக்காரர் ரங்கய்யா. இரண்டு மணி வரை என்ன செய்வது என்று யோசித்தேன். மலை கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. வேண்டுதல் பாக்கி நிற்கிறது. லீவு கிடைக்கும்போது வீட்டோடு வந்து கொடுக்க வேண்டிய முடி. ஆனால் அன்றைக்கு நான் இருந்த குஷியில், பெருமாளே என் முடிக்காகக் காத்திருப்பதாகத் தோன்றியது.

கிளம்புமுன் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, முதலாளி தோரணையில் ஒரு உத்தரவு போட்டேன்.

"வண்டிய யாரும் தொடக்கூடாது. டிரைவர் அனுப்பினார்னு எவன் வந்து சொன்னாலும் நம்பாத. புடிச்சி உக்கார வெச்சிடு."

"சரி சார்" என்றார் அவர். என்னை முதன்முதலில் சார் என்று கூப்பிட்டவர் அவர்தான். அந்த மரியாதைக்காகவே அவர் கடமை தவறாமல் நடந்துகொண்டார்.

மலை பஸ்ஸில் யாரோ கோவிந்தா என்றார்கள். நானும் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிற அழகைப் பார்த்து, தொழில்காரன் என்ற உரிமையில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். மேலே போய் இறங்கியபோது என் குரல் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. காற்று மட்டும்தான் வந்தது.

மொட்டை அடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தலையை நனைத்து நாலு இழுப்பு, மீசைக்கு இரண்டு இழுப்பு. தரிசன வரிசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. லோடு இறக்க வேண்டுமே என்று கோபுரத்துக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன் (பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு குற்றம்தான் காரணம் என்பது அம்மாவின் தீர்ப்பு). தலையில் சந்தனம், நெற்றியில் நாமம், இடுப்பில் புது வேட்டி. நேராக மண்டிக்கு வந்து, லாரியில் ஏறி, சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன்.

"தொங்க, தொங்க" என்று வாட்ச்மேன் கத்தினார். தொங்க என்றால் தெலுங்கில் திருடன். யாரோ திருடன் வந்திருக்கிறான் போல என்று நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அதற்குள் என் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார்கள்.

"எவருரா நுவ்வு?" என்று, நீ யார் எனக் கேட்டார் ரங்கய்யா.

"டிரைவர்" என்றேன். அதாவது வாயை அசைத்தேன்.

"டிரைவருக்கு முடி இருந்துச்சி சார். இம்மாம் மீசை இருந்துச்சி. எவன் வந்தாலும் நம்பாதன்னு அவரே சொல்லிட்டுப் போனாரு" என்றார் வாட்ச்மேன்.

லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். ரங்கய்யா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "சாவி எடுத்திருக்கான், லைசென்ஸ் எடுத்திருக்கான், லோடு சீட்டும் எடுத்திருக்கான். அந்தப் பையன என்ன பண்ணான்னு தெரியலயே" என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பயத்தில் மூன்று தரமும் மூன்று விதமாக வந்தது. பழக்கூடை கட்டுகிற கயிற்றாலேயே என்னை எடைத் தராசின் காலோடு கட்டிவிட்டார்கள். இரண்டு மணி ஆனது. டிரைவர் இல்லாமல் லோடில் கைவைக்கமாட்டோம் என்று மூட்டை இறக்கும் ஹமாலிகளும் உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலில் பழவாசனை ஏறிக்கொண்டே வந்தது. பழம் கெட்டால் கம்ப்ளைண்ட், கம்ப்ளைண்ட் வந்தால் கரும்புத் தோட்டம். எனக்கு அழுகை வந்தது.

ரங்கய்யா சித்தூருக்குப் போன் போட்டார். முதலாளி, "எங்க டிரைவருக்குத் தலை நிறைய முடி, மொட்டை எவனும் எங்கிட்ட இல்ல" என்று சொல்லி, எங்கள் ஊர் உரக்கடை நம்பரைக் கொடுத்தார். கடைக்காரர் நைனாவைத் தோட்டத்திலிருந்து கூட்டிவர அரை மணி நேரம் ஆனது. போனை என் காதில் வைத்து, பேசு என்றார்கள். உயிரைக் கொடுத்து "நைனா" என்றேன். ஏதோ பம்ப்செட் காற்று வாங்கியதைப் போல ஒரு சத்தம் வந்தது.

அந்தப் பக்கம் நைனா கத்தியது மண்டிக்கே கேட்டது. "இது எம் புள்ள கொரலே இல்ல சார். அவனாவது மொட்டை அடிக்கறதாவது, காலைல ஒரு மணி நேரம் தலைய சீவிக்கினு கெடப்பான். அந்த மொட்டையன வுடாதீங்க. எம் புள்ளய என்னா பண்ணான்னு கேளுங்க. நல்லா ஒதைங்க சார், நா இதோ வந்துக்கினே கீறேன்."

பெற்றவரே அனுமதி கொடுத்த பிறகு யார் சும்மா இருப்பார்கள். இரண்டு அடி விழுந்தது. மேற்கொண்டு அடிக்காமல் தடுத்தவர் ரங்கய்யாதான். நல்ல மனிதர்.

நாலு மணிவாக்கில் நைனா வந்து சேர்ந்தார். வெட்டிக்கொண்டிருந்த கோலத்திலேயே, முழங்கால் வரை சேறோடு பஸ் ஏறி வந்திருந்தார். நேராக வந்து என் சட்டையைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது.

"எம் புள்ள எங்கடா?"

"நைனா, நான்தான்" என்று பாதிக் காற்றாகச் சொன்னேன்.

"எவன்டா உனக்கு நைனா?" என்று கையை ஓங்கினார். நான் தலையைக் குனிந்து திருப்பிக்கொண்டேன். அடி விழும், விழும் என்று பார்த்தேன், விழவில்லை. ஓங்கிய கை மெதுவாக வந்து என் பின்னந்தலையில் உட்கார்ந்தது. ஒரு தடவு தடவியது. இடது பக்கமாக இன்னொரு தடவு.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பின்னந்தலை இடது பக்கம் தட்டை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவும் கரும்பு வெட்டப் போனதால், தோட்டத்து வரப்பில் என்னை ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டு வளர்த்தார்கள். அந்தத் தட்டையை மறைக்கத்தான் அவ்வளவு முடியும் வளர்த்தேன். பதினைந்து வருஷமாக யாரும் பார்க்காத இடம் அது.

நைனா என்னைத் திருப்பி, கூடியிருந்த ஜனத்துக்கு என் பின்னந்தலையைக் காட்டினார். "எம் புள்ளதான் சார். இந்தச் சப்பத் தலை வேற எவனுக்கும் கெடையாது. நானே படுக்கப் போட்ட தலை." குரல் உடைந்துவிட்டது. "பஸ்ஸுல வர்றப்ப, உன்ன எங்க அடிச்சிப் போட்டானோன்னு தேடிக்கினே வந்தேன்டா" என்று அங்கேயே குந்திக்கொண்டு அழுதார். நானும் சத்தம் வராமல் அழுதேன். வாட்ச்மேன் மட்டும் சந்தேகம் தீராமல் வந்து என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நிஜம்தான் சார்" என்று கயிற்றை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் ஹமாலிகளும் வரிசையாக வந்து தடவினார்கள். அதன் பிறகுதான் லோடு இறங்கியது. பழம் கெடவில்லை.

முதலாளி போனில் முழுக்க நம்பவில்லை. "உங்க நைனாவ வண்டியிலயே கூட்டினு வா. எம் முன்னாடி சொல்லட்டும்" என்றார். அப்படித்தான் நைனா முதன்முதலாக லாரியில் ஏறினார். திருப்பதியிலிருந்து சித்தூர் வரை கைப்பிடியை விடவில்லை. பூதலப்பட்டு வந்தபோது என் பக்கம் திரும்பாமல், "ஏன்டா, அந்த ஆரன் அடிக்க மாட்டியா?" என்றார். அடித்தேன். இன்னொரு தரம் என்றார். மறுபடியும் அடித்தேன்.

ஆபீஸில் நைனா என்னைத் திருப்பி நிறுத்திச் சாட்சி சொன்னார். முதலாளி தடவிப் பார்க்கவில்லை, பார்த்ததே போதும் என்று சிரித்துவிட்டார். "லோடுக்கு டேமேஜ் இல்ல. டிரைவருக்குத்தான் டேமேஜ். நாளைக்கி ரெண்டாவது டிரிப்பு" என்றார்.

இப்போது எனக்கு இரண்டு லாரி சொந்தமாக ஓடுகிறது. முடி, வேண்டுதல் எதுவும் இல்லாமல் தானாகவே போய்விட்டது. நைனாவுக்கு எண்பது தாண்டி, இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. நான் வீட்டுக்குப் போனால், யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டார். கிட்டே கூப்பிட்டுக் குனியச் சொல்லி, பின்னந்தலையை இடது பக்கமாக ஒரு தடவு தடவுவார். என் பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். "சிரிக்காதீங்க, ஒரு தபா ஏமாந்துட்டேன்" என்பார் நைனா. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "எம் புள்ளதான். சோறு போடு" என்பார்.