முக்காலத்தின் பெட்டியும் என் பென்சிலும்

காலை ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே மண்டபம் நிறைந்துவிட்டது. கடைசல்காரர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள், கேன்டீன் ஆட்கள், வாட்ச்மேன் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கைக்குழந்தை எல்லாம் வந்தாயிற்று. வேலைக்கு ஒருநாளும் நேரத்தில் வராத வெல்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சம்பள உயர்வுக்காகக் கூட்டம் போட்டபோது இதே மண்டபத்தில் பதினேழு பேர். அதிலும் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

இந்தக் கூட்டம் எதற்கு? கம்பெனியின் காலாண்டு லாபக் கணக்கைச் சொல்லப் போகிறார்கள். அதைக் கேட்கவா? இல்லை. அந்தக் கணக்கை ஒரு மாதம் முன்பே எழுதிப் பெட்டியில் பூட்டிவைத்த மகானைப் பார்க்க.

எங்கள் கம்பெனி பீரங்கிக் குண்டு செய்கிறது. வாங்குவது ஒரே ஆள், பட்டாளம். நான் பேக்கிங் செக்ஷன் தச்சன். குண்டு உட்காரும் மரப்பெட்டியை அடிப்பவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பும் அளவுக்குப் படிப்பு ஏறவில்லை.

மகானுக்கு நாங்கள் வைத்த பெயர் முக்காலம். நடந்தது, நடப்பது, நடக்கப் போவது மூன்றும் தெரியுமாம். மூன்று வேளைச் சாப்பாட்டு நேரமும் தெரியும் என்பார் கேன்டீன் மாஸ்டர். சேர்மன்தான் இவரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். காலாண்டு முடிந்ததும் முக்காலம் ஒரு மரப்பெட்டியோடு சேர்மன் அறைக்குள் போவார். கதவைச் சாத்துவார்கள். வெளியே வரும்போது பெட்டி பூட்டியிருக்கும். லாபத் தொகையை எழுதி உள்ளே வைத்தாயிற்று என்பார். வைத்ததை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததை நம்புவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. பெட்டியைச் சங்கிலியில் கட்டி மண்டபத்து நடுவில் தொங்கவிட்டு, கீழே மூன்று பேர் காவல். குண்டுக் கிடங்குக்குக் காவல் ஒரே ஆள்.

ஒரு மாதம் கழித்து சேர்மன் மேடையில் லாபத்தை அறிவிப்பார். உடனே முக்காலம் கையைத் தூக்குவார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. பத்து நிமிஷம். காலம் பின்னாடி போய்த் திரும்பி வரணும்." அறுநூறு ஜோடிக் கண்கள் மூடும். திறந்ததும், அவருடைய சிஷ்யன் பெட்டியை இறக்குவான். ஆள் அகலத்தைப் பார்த்து அவனுக்குத் தடியன் என்று பெயர். முக்காலம் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு பித்தளைச் சாவியைப் போட்டுத் திருப்புவார். உள்ளே சுருட்டிய சீட்டு. அதில் சேர்மன் சொன்ன அதே தொகை!

அன்றும் அப்படியே நடந்தது. கூரை அதிரக் கைதட்டல். அந்தச் சூட்டோடு சேர்மன் மைக்கைப் பிடித்தார். "அடுத்த காலாண்டுல லாபம் இரட்டிப்பாகும்னு மகான் சொல்லிட்டார். உங்க ஓய்வுப் பணத்தைக் கம்பெனிப் பங்கா மாத்திக்கலாம். படிவம் தர்றோம். அடுத்த தடவை பெட்டி திறக்கிற அன்னைக்குக் குடுத்தா போதும்."

இந்த ஆரவாரத்தில் தடியன் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றும்போது சங்கிலியைக் கோட்டைவிட்டான். பெட்டி தரையில் விழுந்து அடிப்பலகை வெடித்தது. நடக்கப் போவது தெரிந்தவர் பக்கத்தில்தான் நின்றார். 'பார்த்துப் பிடிடா' என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

பெட்டி என்னிடம் வந்தது.

"அடிப்பலகையை மட்டும் மாத்து" என்றான் தடியன். "பூட்டுல கை வெச்சே, கை விளங்காமப் போயிடும்."

"விளங்குற கைதான் எனக்குச் சோறு போடுது. நீ போப்பா."

பலகையைப் பெயர்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பூட்டு என்றால் பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். இதில் சாவித் துவாரம் ஒரு குழாயாக நேரே பெட்டிக்குள் வந்து, ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குள் என் சுண்டுவிரல் தாராளமாகப் போயிற்று. நாற்பது வருஷமாகப் பெட்டி அடிக்கிறேன். பொருள் போகிற வழியைப் பூட்டுக்குள்ளேயே வைத்த பெட்டியை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அந்தக் குழாயின் வாயில் தக்கையாக அடித்தேன். என் சிவப்புத் தச்சுப் பென்சிலையும் உள்ளே போட்டேன். வாயில் கடித்துக்கொண்டே வேலை பார்க்கிற பழக்கத்தால் அதில் என் பல் தடம் வரிசையாக இருக்கும். பிறகு புதுப் பலகையை வைத்து ஆணி அடித்தேன்.

என் கணக்கு சுலபமானது. முக்காலம் நிஜமாகவே உள்ளே சீட்டு வைப்பவராக இருந்தால், மூடியைத் திறப்பார். திறந்தால் பென்சில் தெரியும், தக்கையும் தெரியும். கூப்பிட்டுக் கன்னத்தில் இரண்டு விடுவார். வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

காலாண்டு முடிந்தது. முக்காலம் அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார், வந்தார். பெட்டி மேலே தொங்கியது. என் கன்னம் பத்திரமாக இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. காலாண்டின் கடைசி வாரம் முழுக்க எங்களுக்கு ஓவர்டைம். நானூறு பெட்டிக் குண்டு வெளியே போயாக வேண்டும். "கேட்டைத் தாண்டினா விற்பனை. ராத்திரி பன்னிரண்டுக்குள்ள தாண்டணும்" என்று மேனேஜர் குதித்தார். நான் அடிக்கும் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் சிவப்பில் இரண்டு கோடு போடுவது என் வழக்கம். மூன்று வாரம் கழித்துப் பின்வாசல் வழியாகத் தார்ப்பாய் மூடிய லாரிகள் வந்தன. தார்ப்பாயைத் தூக்கினால் என் இரண்டு கோடு.

"என்னப்பா இது?" என்றேன் டிரைவரிடம்.

"திரி சரியில்லையாம் பெரியவரே. பத்துல மூணு வெடிக்கலையாம். பட்டாளம் அப்படியே திருப்பி விட்டுடுச்சு."

பத்தில் ஏழு என்றால் என் பள்ளிக்கூடத்தில் பாஸ். பீரங்கிக்கு அது போதாது போலும்.

பெட்டி திறப்பதற்கு முதல் நாள் மாலை சம்பந்தி வீட்டுக்குப் போனேன். என் மருமகளின் அப்பா. முப்பத்துநாலு வருஷம் கடைசல் யந்திரத்தில் நின்றவர். இடது கையில் ஒன்றரை விரலை யந்திரத்துக்குக் கொடுத்தவர். இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு. அன்றோடு கம்பெனி குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். வீடு வாங்க அவருக்கு இருப்பது அந்த ஓய்வுப் பணம் ஒன்றுதான்.

"கையெழுத்துப் போட்டாச்சா சம்பந்தி?"

"போட்டாச்சு சம்பந்தி. நாளைக்கு முதல் ஆளா குடுத்துடுவேன். இப்ப வாங்கினா ரெண்டு ரூம் வீடு. ஒரு வருஷம் பொறுத்தா மாடியோட வாங்கலாம்."

"மாடி இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு வீடு வேணுமே."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தார். "நல்லாக் கேளுங்கண்ணே! அந்த ஒரு வருஷம் சாமானை எங்க வைக்கிறது? தொங்குதே, அந்தப் பெட்டிக்குள்ளயா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

"எனக்குத் தெரியாதுதான். உங்க முக்காலத்துக்குத் தெரியும்ல, வாடகைக்கு வீடு எங்க காலியாகும்னு கேட்டு வாங்க."

அப்பாவைப் பார்க்க வந்திருந்த என் மருமகள், படிவத்தோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்பக்கங்களில் தட்டு அளவு எழுத்தில் லாபம். கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'இடர்கள்'. அவள் வாசித்தாள்: "'எதிர்காலம் குறித்து இதில் சொல்லப்பட்டவை நடக்காமலும் போகலாம். இவற்றை நம்பிப் பணம் போடுவோர் தம் சொந்தப் பொறுப்பில் போடவும்.' அப்பா, நாளைக்கு என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியாதுன்னு கம்பெனியே அச்சடிச்சுக் குடுத்திருக்கு!"

"அது சட்டத்துக்காகப் போடுறதும்மா. மகான் சொல்றதுதான் நிஜம்."

திரும்பி வந்த பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன்.

"மாமா, அதுவும் இங்க இருக்கு" என்றாள் மருமகள். "'தரச் சோதனையில் தேறாத சரக்கை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பக்கூடும்.'"

"கூடும்னுதானே போட்டிருக்கு?" என்றார் சம்பந்தி.

"பின்வாசல்ல வந்து இறங்கிடுச்சுங்கிறேன்."

"அது வேற பெட்டியா இருக்கும். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்."

பென்சில் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சம்பந்தி. நாளைக்கு எல்லாரும் கண்ணை மூடும்போது நீங்க ஒரு கண்ணை மட்டும் லேசாத் திறந்து வைங்க."

"தப்பாச்சே!"

"தப்பை என் பேர்ல எழுதிக்கச் சொல்லுங்க."

மறுநாள் மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. எல்லார் சட்டைப் பையிலும் படிவம் எட்டிப் பார்த்தது. சேர்மன் மைக்கைத் தட்டினார். "இந்தக் காலாண்டு லாபம், நாற்பத்தேழு கோடியே முப்பத்திரண்டு லட்சம்!" ஆரவாரம். முக்காலம் கையைத் தூக்கினார். கண்கள் மூடின.

நான் மூடவில்லை. தடியன் திரைக்குப் பின்னால் ஒதுங்கி, முழங்காலில் வைத்து ஏதோ எழுதினான். குச்சி மாதிரிச் சுருட்டினான். சாவியின் குழல் போன்ற தண்டுக்குள் செருகி குருவின் கையில் கொடுத்தான். பத்து நிமிஷத்தில் காலம் பயணம் செய்தது அவ்வளவுதான்.

பெட்டி இறங்கியது. முக்காலம் சாவியைத் திருப்பினார். கொஞ்சம் அழுத்தினார். மறுபடி திருப்பினார். நெற்றியில் வியர்வை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, திறந்துதான் ஆக வேண்டும். திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பென்சில் உருண்டு மேடையில் விழுந்தது.

"லாபம் எங்க?" என்றான் வெல்டர்.

முக்காலம் லேசுப்பட்ட ஆளில்லை. பென்சிலை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இனிமே லாபத்தை நீங்களே எழுதிக்கலாம்னு காலம் உங்க கையில பென்சிலைக் குடுத்திருக்கு!"

பாதிக் கூட்டம் கை தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியது.

நான் எழுந்தேன். "மகானே, பென்சிலைக் குடுத்தது காலம் இல்ல, நான். அடிப்பலகை மாத்தும்போது போட்டேன். கடிச்ச தடம் இருக்கும் பாருங்க. போன மாசம் சீட்டு வைக்கத் திறந்தீங்களே, அப்ப இது உங்க கண்ணுல படலையா?"

முக்காலம் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போகட்டும். அந்தச் சாவியைக் குடுங்க."

முக்காலம் கையை இறுக்கி மூடிக்கொண்டார். வெல்டர் மேடையில் ஏறி விரல்களைப் பிரித்தான். சாவியை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினான். சீட்டு பறந்துபோய் வாட்ச்மேன் மைத்துனியின் மடியில், குழந்தை மேல் விழுந்தது. அவள் பிரித்துப் படித்தாள்: "நாற்பத்தேழு கோடியே முப்பத்திரண்டு லட்சம்."

"அமைதி, அமைதி!" என்றார் சேர்மன். "எங்க இருந்தா என்ன? தொகை சரியாத்தானே இருக்கு?"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. 'ஆமாம், சரியாத்தான் இருக்கு' என்று தலையாட்டிவிடுவார்களோ?

அப்போது சம்பந்தி எழுந்தார். "நீங்க சொல்லி முடிச்ச பிறகு எழுதினது சரியா இல்லாம எப்படி இருக்கும்? அந்தத் தடியன் எழுதினதை நான் பார்த்தேன். இந்த ஒரு கண்ணால பார்த்தேன்!" விரல் குறைந்த கையால் அந்தக் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இன்னொண்ணு. பின்வாசல்ல நானூறு பெட்டி திரும்பி வந்திருக்காமே? அது இந்த நாற்பத்தேழு கோடிக்கு உள்ளயா, வெளியயா?"

சேர்மன் தண்ணீர் குடித்தார். கணக்கு அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார். சட்டைப் பைகளில் எட்டிப் பார்த்த படிவங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. திரும்பிப் பார்ப்பதற்குள் முக்காலத்தையும் காணோம், தடியனையும் காணோம். நடக்கப் போவதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகக் கணித்தது அன்றுதான்.

ஒரு வாரத்தில் பட்டாளம் திருப்பிவிட்ட செய்தி வெளியே வந்தது. கம்பெனிப் பங்கு பாதி விலைக்குச் சரிந்தது. ஓய்வு பெற்றதும் சம்பந்தி இரண்டு ரூம் வீட்டை வாங்கிக் குடிபோனார். மாடி இல்லை, தரை இருக்கிறது. கட்டில் கால் ஒன்று ஆடியதாம். அந்தப் படிவத்தை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தால் யாராவது தாங்கப்பட்டார்கள் என்றால் அது அவர் ஒருவர்தான்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? அடுத்த காலாண்டில் சேர்மன் ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். கோட்டு, டை, கையில் லேப்டாப். திரையில் பச்சைக் கோடு மேலே மேலே ஏறும் படம். மண்டபம் மறுபடி நிறைந்தது. இவர் கண்ணை மூடச் சொல்லவில்லை, படித்தவர் அல்லவா? விளக்கை அணைக்கச் சொன்னார்.

நான் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டேன். அதற்கு ஐந்தாம் வகுப்பே அதிகம். உங்கள் மண்டபத்தில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உட்காருவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.