கதவில்லாத அறை

வீடு காணாமல் போயிருந்தது.

நிஜ வீடு அல்ல, பிளான்தான். ஆனால் கட்டட ஆபீசில் அதுவும் இதுவும் ஒன்றே. கிளவுடில் இடம் நிறைந்துவிட்டதென்று பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டே வந்த ஸ்கேல், அதே வேகத்தில், இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும் சேர்த்து அழித்துவிட்டான்.

ஒல்லியாக, விறைப்பாக இருப்பதால் ஆபீசில் அவனுக்கு அந்தப் பெயர். பிளான் வரைவது அவன் வேலை. "இன்னொரு தப்பு வந்துச்சு, பையை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடு" என்று என்ஜினியர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அவன் வீட்டில் தொட்டிலில் ஒன்றுக்கு இரண்டாகக் குழந்தைகள்.

உள்ளதைச் சொல்லிவிடலாமென்று அவருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"அப்பாடா!" என்று வைத்தான், பாவம்.

"சார், என்ஜினியர் ஐயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா.

"அப்புறம் சொல்லுங்கக்கா. காலில வெந்நீர் ஊத்தின மாதிரி தவிச்சிட்டிருக்கேன்."

நண்பன் கொடுத்த கம்ப்யூட்டர் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. கிளவுடின் குப்பைத்தொட்டியில் என்னென்ன கிடக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அதை ஓடவிட்டான். கறுப்புத் திரையில், செத்துப்போன வீடுகள் வரி வரியாக எழுந்து வந்தன. பாதியில் நின்ற வீடு. விற்றுப்போன வீடு. அண்ணன் தம்பி சண்டையில் கட்டாமலே விட்ட வீடு. ஏசியின் முனகலைத் தவிர ஆபீசில் வேறு சத்தமில்லை.

தேடிய வீடும் வந்தது. மீட்டான். திறந்தான்.

சுவர்கள் இருந்தன. ஒரு கதவில்லை, ஒரு ஜன்னல் இல்லை. உள்ளே போனவர் வெளியே வரவே முடியாத வீடு.

அப்புறம்தான் உறைத்தது. சுவரை ஒரு ஃபைலிலும் கதவு ஜன்னலை இன்னொன்றிலும் வரைவது அவன் வழக்கம். மறுபடி பட்டியலைத் துழாவினான். ஒரே பெயரில் மூன்று கதவு ஃபைல்கள். எது புதிது என்று கருவி சொல்லவில்லை. மேலே இருந்ததை மீட்டான். கதவுகள் வந்து பொருந்தின. அவனுக்கு மூச்சு வந்தது. கிளவுடில் இருப்பது, சைட்டில் மேஸ்திரி கையிலிருக்கும் தொடுதிரை டேப்பிலும் உடனே தானாக வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் சைட்டிலிருந்து ஆபீஸ் போனுக்கு மேஸ்திரி கூப்பிட்டார்.

"தம்பி, நடுவுல இருக்கிற சின்ன இருட்டு ரூமை அடைச்சாச்சு."

"எதை அடைச்சீங்க?"

"வாசலைத்தான். இப்ப வந்த படத்துல அந்த ரூமுக்குக் கதவே இல்லையே! மாடியில இருந்த ஆளுங்களை இறக்கி, கலவை மிஷின் சத்தத்தோட சத்தமா, கையோட கட்டி முடிச்சிட்டோம்."

ஸ்கேல் திரையைப் பார்த்தான். மீட்டது பழைய ஃபைல். அந்த ரூமுக்குக் கதவு வரைவதற்கு முன்னால் போட்டது.

"ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாண்ணே?"

"கேட்டா என்ஜினியர் கத்துவாரு. டேப்ல வர்ற படத்தைக் கட்டு, கேள்வி கேட்காதேன்னுதானே உத்தரவு?"

தப்பான ஃபைலை உடனே அழித்தான். இரண்டாவதை மீட்பதற்குள் மறுபடி போன்.

"தம்பி, டேப்ல கதவு ஒண்ணையுமே காணோம். அது கிடக்கட்டும்." மேஸ்திரியின் குரல் இறங்கியது. "இங்க சுவர் உறுமுது."

"என்னது?"

"காதை வச்சுக் கேட்டேன். இழுத்து இழுத்து மூச்சு விடுது. ஆளுங்க கொத்துக்கரண்டியைப் போட்டுட்டு ஓடிட்டாங்க."

"காத்தா இருக்கும்ணே."

"காத்து நடுநடுவுல இருமுமா தம்பி?"

ஸ்கேல் பேசிக்கொண்டே மீட்டுப் பார்த்தான். இரண்டாவது ஃபைலும் தப்பு. மூன்றாவதை மீட்டான். அதில் கதவு இருந்தது.

"இப்ப டேப்பைப் பாருங்கண்ணே, கதவு இருக்கு. சுவரை இடிச்சிடுங்க!"

"நானா? ரோட்டுக்கு வந்து நிக்கிறேன் தம்பி. எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு."

"அண்ணே, உங்க காலைப் பிடிக்கிறேன். சுவர்கிட்ட போய் என்ன சத்தம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மேஸ்திரி உள்ளே போனார். வேலை போனாலும் போகட்டும் என்று ஸ்கேல் துணிந்துவிட்டான். ஆபீஸ் போன் ஒரு காதில் இருக்க, செல்போனில் என்ஜினியரைக் கூப்பிட்டான். மணி போனது.

"ஐயோ தம்பி!" மேஸ்திரி அலறினார். "உறுமலோட இப்ப சுவருக்குள்ள மணியும் அடிக்குது!"

ஸ்கேல் செல்போன் அழைப்பைத் துண்டித்தான்.

"நின்னுடுச்சு" என்றார் மேஸ்திரி, அழாத குறையாக.

பெருக்கி முடித்த அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள்.

"இப்பவாவது சொல்லலாமா சார்? சைட்ல ஏதோ சின்ன ரூம் குளுகுளுன்னு இருக்காம், ஐயா அங்க படுத்துத் தூங்கப் போறாராம், யாரும் எழுப்பிடாம நீங்கதான் பார்த்துக்கணுமாம்."